வன்னியின் ஓடுபாதைகள்

வவுனியா பஸ் நிலையத்தில் இறங்கி, "எயார்போட் எங்கே?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பலர் பலாலியைச் சொல்வார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் கட்டுநாயக்காவைச் சொல்வார்கள். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றரில், முள்வேலிக்கு அப்பால், ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமான ஒரு ஓடுபாதை கிடக்கிறது. எண்பது வருடங்களுக்கு மேல் அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் வவுனியாவில் ஒழுங்கான பயணிகள் சேவை ஒன்று இன்றுவரை ஊன்றி நின்றதில்லை.

அந்தப் பாதை பிறந்த கதை 1942இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பானியக் கப்பல்களிலிருந்து எழும்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. சிங்கப்பூர் ஏற்கனவே விழுந்துவிட்டதால் பிரித்தானியரின் கீழைக் கடற்படைக்கு எஞ்சியிருந்த முக்கிய துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை. அதைக் காக்க வேண்டுமானால் கரையில் மட்டும் விமானங்களை நிறுத்தி வைத்தால் போதாது, உள்ளேயும் தளங்கள் வேண்டும் என்று கண்டார்கள். மின்னேரியா, சிகிரியா, வவுனியா, வடக்கே காங்கேசன்துறை என்று காடும் தோட்டமும் வெட்டித் திறக்கப்பட்டன.

வவுனியா அவர்களுக்கு வாய்ப்பான இடம். நிலம் மட்டமானது. கண்டி–யாழ்ப்பாண வீதியும் வடக்கு ரயில் பாதையும் ஊருக்குள்ளாலேயே போகின்றன. எரிபொருளும் குண்டுகளும் சிரமமில்லாமல் வந்து சேரும். வானத்தால் அளந்தால் திருகோணமலை ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர்தான். 1943இல் பிரித்தானிய விமானப்படையின் 22ஆம், 217ஆம் அணிகள் இங்கே நிலைகொண்டன. அவற்றிடம் இருந்தவை போஃபோர்ட் என்ற இரட்டைப் பொறி விமானங்கள். கடல்மட்டத்தை உரசுவது போலத் தாழப் பறந்து கப்பலை நோக்கி டோர்பிடோ விடுவதற்கென்றே செய்யப்பட்டவை. பிறகு போஃபைட்டர்களும் ஸ்பிட்ஃபயர்களும் வந்து போயின. ஜப்பானியக் கப்பற்படை அந்தப் பலத்தோடு இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை. மலேரியாக் காய்ச்சலும் புழுதியும் நிறைந்த ஊரில், வராத எதிரிக்காகக் காத்திருந்துவிட்டு, போர் முடிந்ததும் பிரித்தானிய விமானப்படையினர் புறப்பட்டுப் போனார்கள்.

அதே போருக்காகப் போடப்பட்ட காங்கேசன்துறைத் தளத்துக்கு, அதாவது இன்றைய பலாலிக்கு, வேறு விதி வாய்த்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனம் தனது முதலாவது ஒழுங்கான சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தொடங்கியது. ஓடியது டகோட்டா விமானம். நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முந்தியே யாழ்ப்பாணத்து மனிதர் விமானத்தில் சென்னைக்குப் போய்வரக்கூடியவராகிவிட்டார். அந்தத் தடத்தில் வவுனியா தரிப்பிடமாக இருக்கவில்லை. அன்றைய வவுனியா ஒரு சிறு பட்டினம். சுற்றியிருந்தவை குளங்களும் வயல்களும் காடும். அவசரமென்றால் ரயில் இருந்தது, 1956இலிருந்து யாழ்தேவியும் இருந்தது. விமானம் கேட்டு யாரும் மனு எழுதியிருக்க மாட்டார்கள்.

இதை எழுதுபவர் கிளிநொச்சியில் வளர்ந்தவர். அவருடைய தலைமுறை விமானத்தை முதலில் அறிந்தது காதால். தாழ்வாரத்தில் படுத்திருந்தபடியே, வருவது ஹெலியா, சியாமாச்செட்டியா, அவ்ரோவா என்று பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும். 1996இலிருந்து கிபிர் ஜெற் விமானம் வந்தது. அது தலைக்கு மேலே வந்த பிறகுதான் சத்தம் கேட்கும் என்பதால் அந்த அறிவும் உதவாமல் போயிற்று. பின்னாளில் ஆளில்லா வேவு விமானம் வந்தது. காலையிலிருந்து ஒரே சீராக ரீங்காரமிடும் அதற்குச் சனங்கள் வைத்த பெயர் வண்டு. வண்டு சுற்றினால் அடுப்பில் இருக்கும் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் எங்கே என்று தேடுவது தாய்மாரின் வழக்கமாயிற்று.

பங்கர் இல்லாத வளவு அரிது. ஆளுயரத்துக்கு வெட்டி, நேராக விடாமல் 'ட' எழுத்துப் போல ஒரு திருப்பம் வைத்து, மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அதன்மேல் மண்மூட்டை போடுவார்கள். திருப்பம் வைப்பது, வாசலில் குண்டு விழுந்தாலும் சிதறல் உள்ளே நேராகப் பாயாமல் இருக்க. மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், பாம்பும் கிடக்கும். இரவில் சத்தம் கேட்டால் ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்துவிட்டுத் தடவித் தடவி இறங்க வேண்டும். மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் அணைத்த விளக்கை மறுபடி ஏற்ற நெருப்புக்குச்சியையும் எண்ணித்தான் உரசுவார்கள். 1996 ஜூலையில் சத்ஜய படை நடவடிக்கை தொடங்கிக் கிளிநொச்சி காலியானபோது இதை எழுதுபவரின் குடும்பம் அக்கராயன், மல்லாவி என்று நகர்ந்தது. போன இடமெல்லாம் முதலில் வெட்டியது பங்கர். அதன் பிறகுதான் கொட்டில்.

இந்த வன்னியிலும் பிறகு ஒரு ஓடுபாதை வந்தது. இரணைமடுவை அண்டி விடுதலைப் புலிகள் ஓடுபாதை ஒன்றைப் போட்டிருப்பதாக 2005இல் அரசாங்கம் வெளிப்படையாகவே முறையிட்டது. அங்கே வாழ்ந்த மக்களுக்கு அது அரசல் புரசலாகத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் போக முடியாது, பேசவும் மாட்டார்கள். 2007 மார்ச் 26 நள்ளிரவு கடந்த வேளையில் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின்மேல் குண்டு போட்டன. விமானப்படையினர் மூவர் இறந்தார்கள். அந்த விமானங்கள் செக் நாட்டில் செய்த சிலின் ரகம். நான்கு பேர் இருக்கக்கூடிய, விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கான வகை. மறுநாள் வன்னியில் பலர் மகிழ்ந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. பதிலுக்குக் கிபிர்கள் வந்தபோது பங்கருக்குள் ஓடியவர்களும் அவர்கள்தான். அதற்கு முந்திய வருடம், 2006 ஆகஸ்ட் 14ஆம் திகதி, வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மேல் விழுந்த குண்டுகளில் பாடசாலை மாணவிகள் பலர் கொல்லப்பட்டதை அந்த மண்ணில் யாரும் மறக்கவில்லை.

வவுனியாத் தளமும் தப்பவில்லை. 2008 செப்டம்பர் 9 அதிகாலையில் அதன்மேல் எறிகணை, புலிகளின் தற்கொலை அணியான கரும்புலிகளின் தரைத் தாக்குதல், வானிலிருந்து குண்டு என்று மூன்று வழியாலும் தாக்குதல் நடந்தது. அங்கிருந்த ராடரைப் பராமரித்த இந்தியர் இருவர் காயமடைந்த செய்தி டில்லிவரை போய்ப் பெரிய கேள்விகளை எழுப்பியது. நகரில் இருந்த உறவினர்கள் பின்னர் சொன்னது வேறு: விடியும்வரை சுவரோரம் பிள்ளைகளை அணைத்துப் படுத்திருந்ததையும், எந்தச் சத்தம் யாருடையது என்று பிரித்தறிய முடியாமல் போனதையும்தான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிரித்தானியர் 1942இல் ஊருக்குப் பக்கத்தில் தளம் போட்டது அவர்களுக்கு வசதி. அதன் விலையை ஊர் கட்டியது அறுபத்தாறு வருடம் கழித்து.

போர் முடிந்த கிழமையில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கூடாரங்களுக்குள் இருந்தவர்களில் இதை எழுதுபவரின் குடும்பமும் ஒன்று. 2009 மே 23 அன்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் பான் கி மூன் அந்த முகாமுக்கு வந்தார். ஹெலியின் இரைச்சல் கேட்டதும் கூடாரத்துக்குள் இருந்த சிறுபிள்ளைகள் சிலர் தரையில் குப்புறப் படுத்தார்கள். அவர்களுக்கு அது யார் வரும் ஹெலி என்று தெரியாது. பெரியவர்கள் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு ஓடுபாதைகள் கூடின. 2013இல் இரணைமடுவில் விமானப்படைக்காகப் புதிய ஓடுபாதை திறக்கப்பட்டது. முல்லைத்தீவிலும் விமானப்படை தங்கிற்று. கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்பு மக்களின் காணிகள் அந்த முகாமுக்குள் அகப்பட்டுக் கிடந்தன. 2017 ஜனவரி 31ஆம் திகதி அந்தக் குடும்பங்கள், பெண்களும் பிள்ளைகளும் முன்னே நிற்க, முகாம் வாசலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தன. அங்கேயே சமைத்தார்கள், அங்கேயே படுத்தார்கள், பிள்ளைகள் அங்கிருந்தே பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு மாதம் மழையிலும் வெயிலிலும் இருந்த பிறகு, மார்ச் 1ஆம் திகதி காணிகள் திறந்து விடப்பட்டன. வன்னியில் விமானத்தளம் பற்றிப் பேச வாயெடுக்கும் எவரும் முதலில் நினைக்க வேண்டியது இந்த மக்களை. பலாலியிலும் இதே கதைதான்: 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களில் பல, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வன்னிவரை வந்து சேர்ந்தன. அந்தத் தளத்தைச் சுற்றிய காணிகளுக்காக அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் சாதாரணப் பயணிகளும் பறந்தார்கள். ஏ-9 வீதி மூடியிருந்த காலத்தில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே தனியார் விமானங்கள் ஓடின. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் ஒன்று மன்னாருக்கு அப்பால் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக் கடலில் கண்டுபிடிக்கப்பட்டன. இரணைதீவு கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. உறவுகளின் உடுப்பையும் பொருட்களையும் பார்த்து அடையாளம் சொல்லப் பதினான்கு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள்.

2019 அக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. முதலில் வந்திறங்கியது சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார். நவம்பரில் ஒழுங்கான சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பர் 12ஆம் திகதி மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரிலிருந்து இன்டிகோவும் வருகிறது. வருவது ஏடிஆர் 72. எழுபது சொச்சம் பேர் இருக்கக்கூடிய, காற்றாடிகள் சுழலும் விமானம்.

சேவை மீண்ட பிறகு இதை எழுதுபவர் தன் தாயைச் சிகிச்சைக்காக அந்த வழியால்தான் சென்னைக்குக் கூட்டிப் போனார். விடியற்காலையில் கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்து ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் தொட்டு, பலாலி போய்ச் சேரக் காலைச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. கட்டுநாயக்காவுக்கென்றால் முதல்நாள் இரவே புறப்பட்டு ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் பஸ்ஸில் குலுங்க வேண்டும், வருத்தக்காரியை வைத்துக்கொண்டு அது முடியாத காரியம். பலாலிக் கட்டடம் சிறியது. பொதி நிறுக்கும் தராசு, குடிவரவு மேசை, சுங்க மேசை, கதிரை வரிசைகள் என்று ஒரு பார்வைக்குள் எல்லாம் அடங்கிவிடும். தாயாரின் பையில் சென்னை உறவினருக்கென்று வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் ஒடியலும் இருந்தன. அதிகாரி பிரித்துப் பார்த்து, மணத்திலேயே விளங்கிச் சிரித்துக் கட்டிக் கொடுத்தார்.

ஏடிஆரில் ஆட்கள் ஏறுவது வால்பக்கக் கதவால். முன்பக்கம் பொதிகளுக்கு. அந்தக் கதவே கீழே விரிந்து படியாகிவிடும், தனி ஏணி வேண்டாம். தாயார் படியில் கால் வைக்குமுன் நின்று காற்றாடியைப் பார்த்தார்.

"தம்பி, இது அந்த அவ்ரோ மாதிரியெல்லோ கிடக்கு?"

"ஓம் அம்மா, அதைப் போலத்தான். ரெண்டு பக்கமும் காத்தாடி."

"குண்டு போட்டதும் இப்பிடித்தானே."

பொறிகள் உயிர்த்தபோது மகனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தவர், விமானம் எழும்பிச் சில நிமிடத்தில் கடல் தெரியும்வரை விடவில்லை. பிறகு கண்ணாடியோடு நெற்றியை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றேகால் மணித்தியாலம் போல. சென்னையில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, இது வவுனியாவிலிருந்து ஓடினால் முல்லைத்தீவு, மன்னார்ச் சனமெல்லாம் வரலாமே என்பதுதான்.

அது வெறும் ஆசை இல்லை, கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய விஷயம். ஏடிஆர் 72 முழுப் பாரத்தோடு எழும்ப ஏறத்தாழ 1,300 மீற்றருக்குச் சற்று மேல் வேண்டும். வவுனியாவின் பாதை நீளம் சொற்ப மிச்சத்தோடு அதைத் தொடுகிறது. வெக்கை, பாதுகாப்பு எல்லை, சுற்றியுள்ள மரங்கள், கட்டடங்கள் எல்லாம் பார்த்துப் பொறியியலாளர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் இலங்கைக்குள் சினமன் எயார் ஓட்டும் செஸ்னா கரவன் போன்ற ஒற்றைப் பொறி விமானத்துக்கு அதில் பாதி நீளமே தாராளம். தீயணைப்புக்கும் மலைக்க வேண்டியதில்லை: சர்வதேச விதிப்படி ஏடிஆர் அளவு விமானம் வரும் நிலையத்துக்கு ஒரு தீயணைப்பு வாகனம் போதும். உள்நாட்டுச் சேவைக்குக் குடிவரவும் சுங்கமும் தேவையில்லை. வேண்டியவை ஒரு சிறு மண்டபம், பொதிச் சோதனை, நல்ல மலசலகூடம், நிழல், வாசல்வரை பஸ். பயணி முகாமுக்குள்ளால் சோதனைச் சாவடி தாண்டாமல் உள்ளே வர ஒரு தனிப் பாதை. இந்தக் கடைசி விஷயம்தான் வன்னியில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

முன்மாதிரி தேடிக் கடல் கடக்க வேண்டாம். மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் பொதுப் பாவனைக்கென்று கட்டப்பட்டது. 1983இல் விமானப்படையிடம் போனது. 2018இல் உள்நாட்டு விமான நிலையமாக மறுபடி பொதுமக்களுக்குத் திறந்தது. படை பக்கத்தில் இருக்க, பயணிகள் தங்கள் வாசலால் வந்து போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

செலவைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் சேலம் விமான நிலையம் 1993இல் திறந்து, சேவை நின்று, 2018இல் மறுபடி தொடங்கி, 2021இல் நின்று, 2023 அக்டோபரில் திரும்பவும் உயிர்பெற்றது. அதைப் பிழைக்க வைத்தது இந்திய அரசின் உடான் திட்டம். ஏறத்தாழ ஒரு மணிநேரப் பறப்புக்கு, ஒரு பகுதி இருக்கைகளுக்கு 2,500 இந்திய ரூபா என்று உச்சக் கட்டணம் வைத்து, விழும் துண்டை அரசே ஈடுசெய்தது. சிறு நிலையம் தன் காலில் நிற்கச் சில வருடம் பிடிக்கும். அதுவரை யாராவது தாங்க வேண்டும். எங்கள் நாட்டில் பணம் வேறு மாதிரிப் போயிற்று. 2013இல் மத்தளையில் மூவாயிரத்து ஐந்நூறு மீற்றர் பாதையோடு, வருடத்துக்குப் பத்து இலட்சம் பயணிகளுக்கென்று, இருபது கோடி டொலரளவு செலவில் சர்வதேச விமான நிலையம் கட்டினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு விமானங்கள் வரவில்லை. வன்னிக்குத் தேவை அந்த அளவில் ஒன்று அல்ல. ஏற்கனவே கிடக்கும் பாதையின் ஓரத்தில் ஒரு மண்டபம் போதும்.

தேவை உண்டா என்று கேட்பவர்களுக்கு: வவுனியாவில் 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை, யாழ்ப்பாணம், கொழும்பு வீதிகள் எல்லாம் சந்திக்கும் நகரம் அதுதான். கடும் நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றி அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ ஓடும் குடும்பங்களை அந்த ஊரில் எவரும் அறிவர். வெளிநாட்டிலிருந்து செத்தவீட்டுக்கு வருபவர்கள் கட்டுநாயக்காவிலிருந்து ஐந்து, ஆறு மணித்தியாலம் வீதியில் கழித்து, கிரியை முடிந்த வீட்டுக்குள் நுழைவதும் புதிதல்ல.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் ஆறு இருக்கைகள் உண்டு. அந்த ஆறு பேரும், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்துள்ள கிளிநொச்சியின் பிரதிநிதிகளும், கட்சி பார்க்காமல் ஒரு ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்: வவுனியா ஓடுபாதையில் பொதுமக்கள் சேவைக்கு என்ன குறை, என்ன செலவு, எவ்வளவு காலம். அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில், இதற்காக இனி ஒரு குடும்பத்தின் காணியும் எடுக்கப்படாது என்று எழுதியிருக்க வேண்டும். அது வரும்வரை, பலாலி விமான நேரங்களுக்குப் பொருந்த வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் விமான நிலைய வாசல்வரை ஒரு பஸ் ஓட வேண்டும். அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.